பிளஸ் ஒன்னிலேயே தொடங்கும் தில்லிப் பயணம்

மயிலாப்பூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வணிகவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். ஜூன், ஜூலை வந்தால் பழைய மாணவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். முன்பெல்லாம் லயோலாவா, விவேகானந்தாவா என்று கேட்டார்கள். இப்போது தில்லி எஸ்.ஆர்.சி.சி., இந்து கல்லூரி, லேடி ஸ்ரீராம், மிராண்டா ஹவுஸ் என்று கேட்கிறார்கள். கேட்கிற பிள்ளைகள் பெரும்பாலும் நன்றாகப் படிக்கிறவர்கள்தான். ஆனாலும் சிலருக்கு இடம் நழுவிப்போகிறது. பிளஸ் ஒன்னில் எடுத்த பாடமோ, கையில் இல்லாத சான்றிதழோ, நடுராத்திரியில் அவசரமாக நிரப்பிய படிவமோதான் அதற்குக் காரணமாக இருப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஆகவே படிப்பைப் பற்றிக் கொஞ்சமாகவும், படிப்பைச் சுற்றியுள்ள வேலைகளைப் பற்றி அதிகமாகவும் சொல்கிறேன்.

1. நீ போக நினைக்கும் இடத்தில் வெளிமாநிலப் பிள்ளைக்கு என்ன நிலை என்று முதலில் விசாரி.

எல்லா இடத்திலும் ஒரே விதி இல்லை. என்.ஐ.டி.களில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தவருக்கு. சூரத்கல்லில் சேர விரும்பினால் மீதிப் பாதிக்குத்தான் நீ போட்டியிட முடியும். திருச்சியில் மட்டும் நீ வீட்டுப் பிள்ளை. பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியில் 25 சதவீதம் கர்நாடக மாணவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. தில்லி பல்கலைக்கழகத்தில் மாநில ஒதுக்கீடே கிடையாது. கரோல்பாக் பிள்ளையும் மந்தைவெளிப் பிள்ளையும் ஒரே தரவரிசையில் நிற்கிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் தில்லியைக் குறிவைப்பதற்கு இது நல்ல காரணம்.

அங்கே 2021 வரை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துக் கட்-ஆஃப் போட்டார்கள். வணிகவியல் படிக்காத பிள்ளைகளுக்கு எஸ்.ஆர்.சி.சி. 2011-ல் 100 சதவீதம் கேட்டது நினைவிருக்கும். 2022 முதல் க்யூட் என்னும் பொது நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. அந்த ஆண்டு ஏப்ரலில் நம் சட்டமன்றம் அதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. எதிர்ப்பில் நியாயம் உண்டு என்பதே என் எண்ணமும். ஆனால் இன்று பிளஸ் ஒன்னில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, இருக்கிற வழியில் போய்ச்சேரத் தெரியவேண்டும்.

2. பிளஸ் ஒன்னில் பாடம் எடுக்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது.

இதைத்தான் மிக அழுத்திச் சொல்வேன். தில்லி பல்கலைக்கழகத்தில் நீ பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பாடங்களில்தான் க்யூட் எழுதியிருக்க வேண்டும். எந்தப் படிப்புக்கு எந்தப் பாடச் சேர்க்கை என்பதையும் அவர்களே வகுத்திருக்கிறார்கள். பொருளாதார ஹானர்ஸுக்கு ஒரு மொழி, கணிதம், இன்னும் இரண்டு பாடங்கள். கணிதம் இல்லையென்றால் அந்தக் கதவு அடைத்ததுதான். பி.காம். ஹானர்ஸுக்கு ஒரு மொழியோடு கணிதமோ கணக்குப்பதிவியலோ ஒன்று, கூட இரண்டு. நாலு தாள், தாளுக்கு 250, மொத்தம் 1,000 மதிப்பெண்.

நம் பள்ளிகளில் என்ன நடக்கிறது? பத்தாம் வகுப்புக் கணக்கில் கொஞ்சம் அடிபட்ட பிள்ளை, "கணக்கே வேண்டாம் சார்" என்று கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் உள்ள காமர்ஸ் குரூப்புக்குப் போய்விடுகிறது. பெற்றோரும் சரி என்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பொருளாதாரத்தில் உண்மையான ஆசை பிறக்கும்போது திரும்பிவர வழியில்லை. உனக்குப் பொருளாதாரத்திலோ புள்ளியியலிலோ துளி ஆசை இருந்தாலும் கணக்கை விடாதே. மாநிலப் பாடத்திட்டத்தில் வணிகக் கணிதம் எடுத்திருந்தால், அதைக் கணிதமாக ஏற்கிறார்களா என்று அந்த ஆண்டின் சேர்க்கைக் கையேட்டில் நீயே படித்துப் பார். சந்தேகம் இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, பதிலை அச்சிட்டு வைத்துக்கொள். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னது சாட்சியாகாது.

மொழிப்பாடத்துக்கும் ஒரு வார்த்தை. மதிப்பெண் வரும் என்று பிரெஞ்சு எடுக்கும் வழக்கம் தி.நகர், அடையாறு பள்ளிகளில் நெடுநாளாக உண்டு. 2025-ல் க்யூட் பாடங்களை 63-லிருந்து 37 ஆகக் குறைத்தபோது பிரெஞ்சுத் தாள் போய்விட்டது. தமிழ் இருக்கிறது. தமிழை ஒரு பாடமாகப் படித்தவர்கள் அதையே மொழித்தாளாக எழுதலாம். பாடத்தாள்களையும் தமிழ் வழியில் எழுத வசதி இருக்கிறது. தமிழ்வழிப் பள்ளிப் பிள்ளைகளில் பலருக்கு இது தெரிவதே இல்லை.

3. என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை வரி விடாமல் படி.

க்யூட் பாடத்தாள்கள் அந்தப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களின் பாடத்திட்டத்தைத்தான் ஒட்டி வருகின்றன. சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கு அது பள்ளிப் புத்தகமே. மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகள் நம் புத்தகத்தையும் அதையும் அருகருகே வைத்து, எந்த அத்தியாயம் இங்கே இல்லை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். பிளஸ் ஒன் முடிந்த கோடை விடுமுறை இதற்குச் சரியான நேரம். என்.சி.இ.ஆர்.டி.யின் இணையதளத்தில் புத்தகங்கள் இலவசம். வீட்டில் இடமும் அமைதியும் இல்லாதவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிப்பதற்கென்றே அங்கே தனிக் கூடம் உண்டு. ஒரு பைசா செலவில்லாமல் இப்படி ஒரு இடம் கிடைத்த தலைமுறை இதற்கு முன் இந்த ஊரில் இல்லை.

4. வேகத்தைப் பழகு, ஊகத்தை விடு.

2025 முறைப்படி ஒரு தாளுக்கு 60 நிமிடம், 50 கேள்வி, எல்லாமே கட்டாயம். சரியான விடைக்கு 5, தவறுக்கு ஒன்று கழியும். அதிகபட்சம் 5 தாள் எழுதலாம். வாரம் ஒரு முழுத்தாளைக் கடிகாரம் வைத்துக் கணினியில் எழுது. கோச்சிங் சென்டருக்குப் போவதும் போகாததும் உன் விருப்பம். போனால் தேர்வுப் பயிற்சிக்குப் போ. பாடத்தைப் புதிதாகக் கற்றுக்கொள்ள அங்கே போகாதே. மூன்று மாதத்தில் யாராலும் அதைக் கொடுக்க முடியாது.

5. உன் பெயரைச் சரிசெய்.

இது நம் ஊருக்கே உரிய தொல்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பெயருக்குப் பின்னால் 'ஆர்' என்று ஒற்றை எழுத்து. ஆதாரில் அப்பாவின் முழுப் பெயர். பாஸ்போர்ட் எடுத்தபோது தாத்தா பெயரும் ஒட்டிக்கொண்டது. அம்மாவின் பெயரோ பள்ளி ஆவணத்தில் ஒரு மாதிரி, சாதிச் சான்றிதழில் வேறு மாதிரி. வடக்கே படிவங்களை வடிவமைக்கிறவர்களுக்கு இனிஷியல் என்பதே பழக்கமில்லாத ஏற்பாடு. முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்துவிடுகிறார்கள். பிள்ளை ஒன்றில் ஒரு மாதிரியும் மற்றதில் வேறு மாதிரியும் நிரப்பிவிட்டு, சரிபார்ப்பு நாளில் கல்லூரி கேள்வி கேட்கும்போது தவிக்கிறது.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரை மூலமாக வைத்துக்கொள். எழுத்துக்கு எழுத்து, இடைவெளிக்கு இடைவெளி, புள்ளிக்குப் புள்ளி ஆதாரும் மற்ற ஆவணங்களும் அதோடு ஒத்துப்போக வேண்டும். பிறந்த தேதியும் அப்படியே. ஆதார் திருத்தத்தை விண்ணப்பம் திறந்த வாரத்தில் தொடங்காதே. பிளஸ் ஒன் ஆண்டுத் தேர்வு முடிந்ததும் அப்பாவோ அம்மாவோ ஒரு நாள் விடுப்பு எடுத்து ஆதார் சேவை மையத்துக்குப் போய்வரட்டும். அந்த ஒரு நாள் விடுப்பு ஆயிரக்கணக்கில் கோச்சிங் கட்டணம் கட்டுவதைவிடப் பெரிய உதவி.

6. சாதிச் சான்றிதழ் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதே.

நம் மாநிலத்தில் பி.சி., எம்.பி.சி. என்று வாங்கிய அட்டையை மத்தியப் பல்கலைக்கழகம் ஏற்காது. மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயருக்குள் வராதவர் என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். உன் சமூகம் மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சமூகங்களும் அதில் இல்லை. சான்றிதழும் அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் பிறந்த பிறகு, வாங்கியதாக இருக்க வேண்டும். போன வருஷம் அக்காவுக்காக வாங்கியதோடு சேர்த்து வாங்கிவைத்தது உதவாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, மயிலாப்பூர் அல்லது மாம்பலம் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வருவதற்கு நாளாகும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடு.

வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். ஆனால் எந்த வருமானம் கணக்கில் சேரும், எது சேராது என்பது பெற்றோரின் வேலையைப் பொறுத்து மாறும். தகுதியில்லை என்று வீட்டிலேயே முடிவுகட்டிவிடாமல் அலுவலகத்தில் கேளுங்கள். 27 சதவீத இடத்தை ஒரு காகிதத்துக்காக இழப்பது வேதனை.

எந்த ஒதுக்கீட்டிலும் வராத குடும்பங்களுக்கு 10 சதவீதப் பொருளாதார ஒதுக்கீடு இருக்கிறது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 1,000 சதுர அடியோ அதற்கு மேலோ உள்ள ஃபிளாட் சொந்தமாக இருக்கக் கூடாது. வடக்கு மாடவீதிப் பக்கம் பழைய சிறிய ஃபிளாட்டில், ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் குடும்பங்கள் எத்தனையோ. அவர்களில் பலர் இதைக் கேட்டுப் பார்த்ததே இல்லை.

7. பொதுத்தேர்வு மதிப்பெண் இனி எதற்கு என்று நினைக்காதே. இரண்டு பேர் க்யூட்டில் ஒரே மதிப்பெண் வாங்கினால் பன்னிரண்டாம் வகுப்பின் சிறந்த மூன்று பாட மதிப்பெண்ணைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பெரிய கல்லூரிகளில் கடைசி இடங்கள் இப்படித்தான் முடிவாகின்றன.

8. சென்னையில் ஒரு இடம் பிடித்துவை.

2025-ல் நம் பிளஸ் டூ முடிவு மே 8 அன்று வந்தது. க்யூட் தேர்வு மே 13-ல் தொடங்கி, முடிவு வந்தது ஜூலை 4. இந்த இடைவெளியில் இங்குள்ள நல்ல கல்லூரிகள் சேர்க்கையை ஏறக்குறைய முடித்துவிடும். தில்லி கிடைத்துவிடும் என்று நம்பி இங்கே விண்ணப்பிக்காமல் இருப்பது துணிச்சல் ஆகாது. ஸ்டெல்லா மாரிஸோ, எத்திராஜோ, எம்.சி.சி.யோ சேர்ந்துவிடு. பிறகு விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று யு.ஜி.சி. விதி இருக்கிறது. 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுக் கட்டணமும் திருப்பித்தர உத்தரவிட்டார்கள். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்பதும் விதிதான். சேரும்போதே பணிவாக இதைக் கேட்டுத் தெரிந்துகொள். எல்லாச் சான்றிதழுக்கும் ஸ்கேன் பிரதி உன்னிடம் இருக்கட்டும்.

மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகளுக்கு இடப்பெயர்ச்சிச் சான்றிதழும் தேவைப்படும். கல்லூரிச் சாலையில், நாம் டி.பி.ஐ. என்று சொல்லிப் பழகிய வளாகத்தில் உள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககம்தான் அதைத் தரும்.

9. விருப்பப் பட்டியலை நீளமாகப் போடு, உண்மையாகப் போடு.

தில்லி பல்கலைக்கழகத்தில் 69 கல்லூரிகள், ஏறத்தாழ 71,000 இளநிலை இடங்கள். க்யூட் எழுதியதோடு வேலை முடியவில்லை. அவர்களுடைய சேர்க்கைத் தளத்தில் தனியாகப் பதிவுசெய்து, கல்லூரியும் படிப்புமாகச் சேர்த்து வரிசைப்படுத்த வேண்டும். க்யூட் எழுதிவிட்டு இந்தப் பதிவைச் செய்யாமல் விட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அழுகை தாங்காது.

வரிசைக்கு உச்சவரம்பு இல்லை. ஆனாலும் நம் பிள்ளைகள் புகழ்பெற்ற ஐந்தாறு பெயர்களை எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். வரிசையில் மேலே எழுதிய கல்லூரிக்கு மதிப்பெண் போதாவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள்; கீழே நிறைய எழுதியதால் மேலே உள்ளது கைநழுவாது. ஆகவே முதலில் ஆசை, பிறகு நியாயமான எதிர்பார்ப்பு, கடைசியில் நிச்சயம் என்று ஐம்பது வரிகூட எழுதலாம். எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் உன்னையே கேட்டுக்கொள்: இது மட்டும் கிடைத்தால் நான் போவேனா? போகமாட்டாய் என்றால் அந்த வரி வேண்டாம்.

படிப்பா, கல்லூரியா என்ற கேள்வி கட்டாயம் வரும். என் தீர்ப்பு படிப்புக்குத்தான். விருப்பமில்லாத ஒன்றைப் பெயருக்காக எடுத்து நாலு வருஷம் உட்கார்வதைவிட, பொருளாதாரம் பிடித்தவன் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கல்லூரியில் பொருளாதாரம் படிப்பது மேல். திருப்பதி தேவஸ்தானம் 1961-ல் தொடங்கிய கல்லூரி அது. தென்னாட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே அந்நியம் தெரியாது.

ஒதுக்கீடு வெளியாவதற்கு முன் உத்தேசத் தரவரிசை ஒன்றைக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்து வரிசையை மாற்றிக்கொள்ள அவகாசம் உண்டு. முதல் சுற்றில் கிடைத்ததை ஏற்றுக்கொண்டு, மேம்படுத்தும்படி கேட்டுக்கொள்ளலாம். மேலே எழுதிய இடம் பின்னால் கிடைத்தால் பழையது தானாக விலகிவிடும். கிடைத்ததை ஏற்காமல் விட்டால் நீ ஓட்டத்திலிருந்தே வெளியே. குறித்த நேரத்துக்குள் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த வாரத்தில் குலதெய்வக் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ நெட்வொர்க் இல்லாத ஊருக்குப் போகாதே.

10. பாட்டும் நடனமும் கற்ற பிள்ளைகள் கவனியுங்கள்.

தில்லிக் கல்லூரிகளில் கலை, விளையாட்டுக்கென்று கூடுதல் இடங்கள் உண்டு. கலைப் பிரிவில் க்யூட் மதிப்பெண்ணுக்கு 25 சதவீத எடைதான். மீதி 75 திறன் சோதனைக்கும் சான்றிதழ்களுக்கும். பத்து வருஷம் பரதநாட்டியமோ மிருதங்கமோ கற்ற பிள்ளை, பிளஸ் ஒன் வந்ததும் "படிப்பு கெடும்" என்று வகுப்பை நிறுத்துவது இந்த ஊரின் பழக்கம். நிறுத்தாதே. போட்டிகளில் வாங்கிய சான்றிதழ்களை ஆண்டுவாரியாக அடுக்கிவை. ஆனால் இந்த இடங்கள் சொற்பம் என்பதையும் நினைவில் வை.

11. சாந்தோம் பக்கத்துக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குத் தில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் தனி வாய்ப்பு இருக்கிறது. அங்கே பாதி இடம் கிறிஸ்தவர்களுக்கு. க்யூட்டுக்கு 85, நேர்காணலுக்கு 15 என்ற கணக்கு. திருச்சபை ஆவணங்களை முன்கூட்டியே வாங்கிவை.

12. கட்டுரை கேட்கும் இடங்களுக்கு உன் தெருவை எழுது.

அசோகா, அசீம் பிரேம்ஜி போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள் மதிப்பெண்ணோடு நிற்பதில்லை, நேர்காணலும் வைக்கின்றன. தில்லி பல்கலைக்கழகப் பொதுச் சேர்க்கைக்குச் சேவைச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை, ஆகவே அதற்காகக் காசு கொடுத்துச் சான்றிதழ் சேர்க்காதே. கட்டுரை கேட்கும் இடங்களிலோ காசு கொடுத்து வாங்கிய அனுபவம் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

அதைவிட உன் வீட்டைச் சுற்றியே எழுத விஷயம் உண்டு. சென்னையில் மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து எல்லாக் கட்டடங்களிலும் கட்டாயம். உன் அபார்ட்மென்ட்டில் அந்தக் குழி வேலை செய்கிறதா? ஒரு வருஷம் மாதாமாதம் கிணற்று நீர்மட்டத்தை அளந்து எழுது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரத்தில் உன் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பத்து வீட்டில் கேட்டு வரைபடம் போடு. இப்படி ஒன்றைச் சொந்தக் கையால் செய்த பிள்ளையின் எழுத்தில் தானாகவே தெளிவு வரும். அந்தக் கட்டுரையை அப்பா திருத்த வேண்டாம். டியூஷன் மாஸ்டரும் வேண்டாம்.

சட்டம் படிக்க விரும்புகிறவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: கிளாட் தேர்வு டிசம்பரிலேயே வந்துவிடுகிறது, பொதுத்தேர்வுக்கு முன்னால். கணிதத்தில் மூழ்கியவர்கள் கொல்கத்தா, பெங்களூருவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு (ஐ.எஸ்.ஐ.) எழுதிப் பாருங்கள். அவர்களுடைய சொந்தத் தேர்வில் விடையை விரித்து எழுதும் தாளும் உண்டு. நிரூபணம் எழுதப் பழகாமல் போகாதீர்கள்.

13. பெற்றோர்களே, கடைசி நிமிடத்தில் பின்வாங்காதீர்கள்.

இடம் கிடைத்த பிறகு "பொண்ணைத் தனியா அனுப்ப முடியாது" என்று நிறுத்திய வீடுகள் உண்டு. அனுப்பமாட்டீர்கள் என்றால் பிளஸ் ஒன்னிலேயே சொல்லிவிடுங்கள். அனுப்புவதென்றால் விடுதி இடம் குறைவு என்பதை முன்பே கணக்கில் எடுங்கள். வடக்கு வளாகத்துக்குக் கமலா நகர், விஜய் நகர்ப் பக்கமும், தெற்கு வளாகத்துக்குச் சத்திய நிகேதன் பக்கமும் பிள்ளைகள் பி.ஜி.யில் தங்குகிறார்கள். வாடகையும் முன்பணமும் கல்லூரிக் கட்டணத்தைவிட அதிகமாகலாம். சென்ட்ரலில் இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் மூன்றாம் நாள் காலை புது தில்லி. முதல் முறை நீங்களும் கூடப் போய், அறையைப் பார்த்து, கம்பளி வாங்கிக்கொடுத்து வாருங்கள். ஆர்.கே.புரத்தில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, மலை மந்திரில் முருகன் இருக்கிறார். கொஞ்சம் இந்தியும் கற்றுக்கொண்டு போகட்டும். ஆட்டோக்காரரிடம் பேச உதவும்.

14. இடம் கிடைத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள்.

நான் மேலே சொன்னதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கே சிக்கலாக இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி மாநகராட்சிப் பள்ளி ஒன்று இருக்கும். அங்கே உங்களைவிடக் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருக்கும். ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்சி., எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் இளநிலைப் படிப்புச் செலவை ஏற்பதாக நம் அரசு 2022 பட்ஜெட்டில் அறிவித்தது. பணத்துக்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. படிவத்துக்கும் பாடத் தேர்வுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆள்தான் இல்லை. தில்லியிலிருந்து தீபாவளி விடுமுறைக்கு வரும்போது அந்தப் பள்ளித் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தையாவது முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கூட இருந்து நிரப்பிக் கொடுங்கள்.